அப்ரோச் சார்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: எண்ணைப் படித்து இடத்தை மறப்பது

கருவிகளை மட்டும் பார்த்து மேகத்துக்குள் இறங்கக் கற்றுக்கொள்ள வருபவர்கள் அனைவரும் ஏற்கெனவே விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள்தாம். ஆயினும் ஓடுபாதைக்கு இறங்கும் வழியையும் உயரங்களையும் காட்டும் அப்ரோச் சார்ட் என்னும் ஒற்றைத் தாள் முன்னால் வந்ததும், ஒவ்வொரு பயிற்சி அணியும் ஒரே இடங்களில் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன். என்னோடு பயின்றவர்களும் நானும் அந்த நாளில் தடுக்கியதும் அங்கேதான்.

அதிர்வெண்ணைத் தவறாக வைப்பது, பக்கத்து ஓடுபாதையின் சார்ட்டைத் திறப்பது, சக்கரங்களை இறக்க மறப்பது ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். சரிபார்ப்புப் பட்டியலை ஒழுங்காகப் படித்தால் அவை பிடிபட்டுவிடும். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்ற முழு நம்பிக்கையோடு செய்யப்படும் தவறுகளைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

பிரீஃபிங்கை ஒப்பிப்பது

சார்ட்டின் மேல் பகுதியில் அதிர்வெண், இறுதித் திசை, குறைந்தபட்ச உயரம், மிஸ்டு அப்ரோச் (இறங்காமல் மேலேறிச் செல்லும் நடைமுறை) வாசகம் ஆகியவை வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். பயிற்சி விமானி பிரீஃபிங் (இறங்கும் முன் சொல்லும் விளக்கம்) என்று அவற்றை ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு, கேள்வி உண்டா என்று பார்ப்பார். ஓடுபாதைக்கு எந்தப் பக்கம் மலை இருக்கிறது என்று கேட்டால் மீண்டும் தாளைத் தேடுவார். நாம் இப்போது எங்கே இருக்கிறோம், எந்த வழியாக இந்த நடைமுறைக்குள் நுழையப் போகிறோம், எந்த இடத்தில் எந்த உயரத்தை விடலாம், ஓடுபாதை தெரியாவிட்டால் முதலில் கை எதைச் செய்யும் என்ற நான்கும் விளங்காத பிரீஃபிங், எவ்வளவு சரளமாக இருந்தாலும் வாசிப்பு மட்டுமே.

உயரத்தை அதன் இடத்திலிருந்து பிரித்துப் படிப்பது

இத்தனை காலத்துக்குப் பிறகும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

சிமுலேட்டரில் இது பெரும்பாலும் ஒரே விதமாக நடக்கும். பயிற்சி விமானி 4000 அடி உயரத்தில், ஓடுபாதையிலிருந்து 18 கடல் மைல் தொலைவில், இறுதிப் பாதையைக் குறுக்காகச் சந்திக்கும் திசையில் பறந்துகொண்டிருப்பார். கட்டுப்பாட்டாளரின் இடத்தில் இருக்கும் நான் அப்ரோச்சுக்கு அனுமதி கொடுப்பேன். அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கும் முன்பே அவருடைய கை உயரத்தைத் தேர்வு செய்யும் குமிழுக்குப் போய், 2200 என்று திருகிவிடும். சார்ட்டின் கீழ்ப் பாதியில் உள்ள புரொஃபைல் என்னும் பக்கவாட்டுப் படத்தின் தொடக்கத்தில் அந்த எண் தடித்த எழுத்தில் இருப்பதே அதற்குக் காரணம். நான் சிமுலேட்டரை நிறுத்தி, "இப்போது எந்தக் கோட்டின் மேல் இருக்கிறீர்கள், பிளான் வியூவில் காட்டுங்கள்" என்று கேட்பேன். பிளான் வியூ என்பது சார்ட்டில் உள்ள, மேலிருந்து பார்த்த வரைபடம். விரல் சற்று அலைந்து, இரண்டு கோடுகளுக்கு நடுவே எதுவும் அச்சிடப்படாத வெள்ளைப் பகுதியில் போய் நிற்கும். "இன்னும் எதன் மேலும் இல்லை, சார்" என்பார். அப்படியானால் அந்த 2200 யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்டால் பதில் வராது.

சார்ட்டில் உள்ள ஒவ்வொரு உயரமும் ஒரு குறிப்பிட்ட துண்டுப் பாதைக்கும், அதன் இருபுறமும் அளந்து ஒதுக்கப்பட்ட அகலத்துக்கும் மட்டுமே உரியது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வடிவமைப்பு விதிகளின்படி, தொடக்கக் கட்டத்தில் தடைகளுக்கு மேல் 300 மீட்டர் இடைவெளி தரப்படுகிறது. இடைக் கட்டத்தில் அது 150 மீட்டராகக் குறைகிறது. ஃபைனல் அப்ரோச் ஃபிக்ஸ் (இறுதிக் கட்டம் தொடங்கும் புள்ளி) உள்ள, கிளைடு ஸ்லோப் (இறங்கும் சரிவைக் காட்டும் வானொலிக் கற்றை) இல்லாத அப்ரோச்சின் இறுதிக் கட்டத்தில் 75 மீட்டர்தான் மிஞ்சுகிறது. பாதை குறுகக் குறுக, விமானம் எங்கே இருக்கும் என்பது உறுதியாகத் தெரியும் என்ற துணிவில்தான் இடைவெளியையும் குறைத்திருக்கிறார்கள். அந்தப் பாதைக்கு வெளியே நின்றுகொண்டு அந்த உயரத்தை எடுத்துக்கொள்பவருக்கு, கீழே என்ன இருக்கிறது என்பதற்கு எவரும் பொறுப்பேற்கவில்லை.

இதற்கு உலகம் கொடுத்த விலை சிறியதன்று. 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ 514 என்ற போயிங் 727, வாஷிங்டன் நகருக்கு அருகிலுள்ள டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி வந்தது. விமான நிலையத்துக்கு 44 மைல் இருக்கும்போதே அதற்கு விஓஆர்-டிஎம்இ அப்ரோச்சுக்கு, அதாவது தரையிலிருந்து திசை காட்டும் விஓஆர், தொலைவு காட்டும் டிஎம்இ என்னும் வானொலி நிலையங்களை வைத்துச் செய்யும் அப்ரோச்சுக்கு, அனுமதி கிடைத்தது. புரொஃபைலில் முதலில் தெரிந்த உயரம் 1800 அடி. பிளான் வியூவிலோ ரவுண்ட் ஹில் என்ற புள்ளி வரை 3400 அடி என்று வேறோர் எண்ணும் இருந்தது. தலைமை விமானி அந்த 3400-ஐக் கவனிக்காமல் இல்லை. அதைப் பற்றிப் பேசியது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. ஆனால் அனுமதி கிடைத்துவிட்டதால் 1800-க்கு இறங்கலாம் என்று குழுவினர் முடிவு செய்தார்கள். விமானம் மவுன்ட் வெதர் மலையில் மோதியது. அதில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே அப்ரோச்சில் அதே தவறைச் செய்து, மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தச் செய்தி அந்த நிறுவனத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. விமானிகள் அச்சமின்றித் தவறுகளைத் தெரிவிப்பதற்காக 1976-இல் நாசா நடத்தத் தொடங்கிய அறிக்கை முறைக்கு இந்த விபத்தே தூண்டுதல். அச்சிடப்பட்ட பாதைத் துண்டு ஒன்றில் நிலைபெறும் வரை, கடைசியாகக் கொடுக்கப்பட்ட உயரத்தை விடக்கூடாது என்ற விதி இன்று நமக்குக் கிடைத்திருப்பதும் இதன் பிறகே.

விதியைக் கேட்டால் எல்லாரும் தேர்வில் சரியாக எழுதுகிறார்கள். பிறகு சிமுலேட்டரில் உட்கார்ந்ததும் கை குமிழுக்குப் போகிறது.

இதே தவறுக்கு இன்னொரு முகம் உண்டு: பாதையின் மேல்தான் இருக்கிறோம், ஆனால் தொலைவு எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதைப் பார்க்கவில்லை. டிஎம்இ காட்டும் மைல்கள் ஓடுபாதை வரையிலான மைல்கள் என்று மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான ஐஎல்எஸ் (திசையையும் சரிவையும் வானொலிக் கற்றைகளால் காட்டும் அமைப்பு) அப்ரோச்களில் அது ஏறக்குறைய உண்மையாகவும் இருந்துவிடுவதால் பழக்கம் வேரூன்றிவிடுகிறது. 1997 ஆகஸ்ட் 6 அன்று குவாம் தீவில் கொரியன் ஏர் 801 இறங்க வந்தபோது, அங்கே கிளைடு ஸ்லோப் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஓடுபாதையின் நேர்க்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் கற்றையைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்க வேண்டும். அந்தப் படிகளுக்கான டிஎம்இ, ஓடுபாதைக்கு 3.3 கடல் மைல் முன்னால், நிமிட்ஸ் குன்றின் மேலிருந்த விஓஆரில் இருந்தது. எனவே எண்கள் பூஜ்யத்தை நோக்கிக் குறைந்து, விஓஆரைத் தாண்டியபின் மீண்டும் கூட வேண்டிய அமைப்பு அது. விஓஆரைக் கடக்கும் வரை 1440 அடிக்குக் கீழே போகக் கூடாது என்று சார்ட் சொன்னது. விமானம் அதற்கு முன்பே கீழே போய் அந்தக் குன்றிலேயே மோதியது. 228 பேர் இறந்தார்கள். களைப்பு, அரைகுறை பிரீஃபிங், கிளைடு ஸ்லோப் வேலை செய்கிறதா என்ற குழப்பம், தரையிலிருந்த எச்சரிக்கை அமைப்பின் குறை என்று காரணங்கள் பல. டிஎம்இ விமான நிலையத்தில் இருப்பதாகத் தலைமை விமானி எண்ணியிருக்கலாம் என்பதும் விசாரணையாளர்கள் ஆராய்ந்த சாத்தியங்களில் ஒன்று.

ஜிபிஎஸ் வந்துவிட்டதால் இது பழங்கதை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் குழப்பத்துக்குப் புதியதொரு வாசல் திறந்திருக்கிறது. திரையில் தெரியும் தொலைவு அடுத்த புள்ளி வரை உள்ள தொலைவு; ஒவ்வொரு புள்ளியைக் கடந்ததும் எண் தாவி, அதற்கடுத்த புள்ளியிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. ஃபைனல் அப்ரோச் ஃபிக்ஸுக்கு 4 மைல் இருக்கும்போது திரையில் 4.0 என்று பார்த்துவிட்டு, புரொஃபைலில் ஓடுபாதைக்கு 4 மைலில் எழுதியிருக்கும் உயரத்துக்கு இறங்கத் தொடங்கிய பயிற்சி விமானியை நான் ஒருமுறைக்கு மேல் நிறுத்தியிருக்கிறேன். மூன்று டிகிரிச் சரிவில் ஒரு மைலுக்கு ஏறத்தாழ 320 அடி. அந்த ஃபிக்ஸுக்கும் ஓடுபாதைக்கும் இடையே ஐந்து மைல் என்றால் அவர் 1600 அடி தாழ்வாக இருப்பார்.

நான் வற்புறுத்தும் பழக்கம் எளியது, பயிற்சி விமானிகளுக்கு அது பிடிப்பதில்லை. அனுமதி வந்ததும் இடது கையால் புரொஃபைலை மூடிக்கொள்ள வேண்டும். பிளான் வியூவில் தாம் இருக்கும் துண்டுப் பாதையை விரலால் தொட்டு, அதன் உயரத்தையும் அது முடியும் புள்ளியையும் சேர்த்து வாய்விட்டுச் சொன்ன பிறகே கையை எடுக்க வேண்டும். "இரண்டாயிரத்து இருநூறு" என்று மட்டும் சொன்னால் நான் ஏற்றுக்கொள்வதில்லை. எந்தப் புள்ளிக்குப் பிறகு, எந்தப் புள்ளி வரை, எந்த நிலையத்திலிருந்து எண்ணிய மைல் என்பவையும் உடன் வர வேண்டும்.

இதோடு ஒட்டியது, சார்ட்டின் வட்டத்துக்குள் தரப்படும் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம். அது பொதுவாக 25 கடல் மைல் ஆரத்துக்குள் தடைகளுக்கு மேல் 300 மீட்டர் இடைவெளி தருவது, அவசரத்துக்கு உதவுவது. அதை இறங்குவதற்கான அனுமதியாகப் படிக்கக் கூடாது. வட்டத்தின் மையம் விமான நிலையமா, வேறொரு விஓஆரா என்பதையும் பார்க்க வேண்டும்.

அழுத்த அமைப்பைச் சந்தேகிக்காமல் இருப்பது

உயரமானியில் வைக்கும் உள்ளூர்க் காற்றழுத்தத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் பிழை ஏறத்தாழ 28 அடி. 2022 மே 23 அன்று பாரிஸ் சார்லஸ் டி கால் விமான நிலையத்தில், 1001 என்ற அழுத்தம் தவறுதலாக 1011 என்று சொல்லப்பட்டது. ஓர் ஏ320 அதை வைத்துக்கொண்டு செயற்கைக்கோள் வழி அப்ரோச்சில் இறங்கியது. அன்று அவர்கள் பறந்த வகையில் செங்குத்து வழிகாட்டலும் அதே உயரமானியிலிருந்து கணக்கிடப்படுவதால், ஊசிகள் அனைத்தும் மிகச் சரியாக நடுவில் நின்றன. விமானம் முழுப் பாதையிலும் சுமார் 280 அடி தாழ்வாக வந்து, ஓடுபாதைக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் முன்பே தரைக்கு மேல் 6 அடி வரை இறங்கி, பிறகு மேலேறிச் சென்றது. எதிரில் எதுவும் தெரியாததால், தங்கள் உயரமானி காட்டிய குறைந்தபட்ச உயரத்தில் முறைப்படி மேலேறும் முடிவை எடுத்ததே அந்தக் குழுவினரைக் காப்பாற்றியது.

ஒரே மூலத்திலிருந்து கேட்ட எண்ணை இன்னொரு மூலத்தோடு ஒப்பிடுவதற்குச் சில வினாடிகள் போதும். விமான நிலையத்தின் ஏடிஐஎஸ் என்னும் தானியங்கித் தகவல் ஒலிபரப்பு ஒன்று சொல்லி, கட்டுப்பாட்டாளர் வேறொன்று சொன்னால் கேட்க வேண்டும். அங்குலத்தில் அழுத்தம் தரும் நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு: 992 ஹெக்டோபாஸ்கலைக் கேட்டு 29.92 அங்குலம் என்று வைத்தால் 21 ஹெக்டோபாஸ்கல், அதாவது சுமார் 600 அடி தாழ்வாகப் பறப்பார்கள்.

கிளைடு ஸ்லோப்பை மேலிருந்து பிடிப்பது

உயரமாக வந்துவிட்டவர், ஊசி நடுவுக்கு வந்ததும் நிம்மதியடைகிறார். மூன்று டிகிரிக் கற்றைக்கு மேலே, ஒன்பது டிகிரி அளவில் பொய்க் கற்றைகளும் உண்டு. ஃபைனல் அப்ரோச் ஃபிக்ஸைக் கடக்கும்போது இருக்க வேண்டிய உயரம் சார்ட்டில் அச்சிடப்பட்டிருப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான். அதைப் பார்க்காமல் கடப்பவர்களே அதிகம்.

வழிகாட்டி வானொலி நிலையத்தின் மோர்ஸ் அடையாளத்தைக் கேட்காமல் விடுவது

கேளுங்கள்.

டிஏவையும் எம்டிஏவையும் ஒன்றாகக் கருதுவது

டிஏ என்பது முடிவெடுக்கும் உயரம். அங்கே ஓடுபாதைக்குரிய அடையாளங்கள் தெரியாவிட்டால் மேலேறத் தொடங்க வேண்டும். என்ஜின் சக்தி கூடி விமானம் நிமிர்வதற்குள் சற்றுக் கீழே போவது கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது. எம்டிஏ என்னும் குறைந்தபட்ச இறங்கு உயரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அது தரை போன்றது. அடையாளம் தெரியாமல் அதற்குக் கீழே ஓர் அடியும் போகக் கூடாது. எம்டிஏ உள்ள அப்ரோச்சைச் சீரான சரிவில் பறப்பவர்கள் அதற்குச் சற்று மேலேயே முடிவெடுக்க வேண்டியிருப்பது இதனால்தான். "ஏதோ வெளிச்சம் தெரிகிறது" என்பது எந்த அப்ரோச்சிலும் அடையாளம் ஆகாது.

ஊசியைத் துரத்துவது

லோக்கலைசர் ஊசி ஓடுபாதையை நெருங்க நெருங்கக் கூர்மையாகிறது. பத்து மைலில் பொருந்திய திருத்தம் இரண்டு மைலில் விமானத்தை மறுபக்கம் தள்ளிவிடும். திசையைப் பிடித்து வையுங்கள். ஊசி எந்த வேகத்தில் நகர்கிறது என்று பார்த்து, இரண்டு மூன்று டிகிரிக்குள் திருத்துங்கள். இறங்கு வேகத்துக்கும் தொடக்கமாக ஓர் எண் வேண்டும்: தரை வேகத்தை ஐந்தால் பெருக்கினால், மூன்று டிகிரிச் சரிவுக்குத் தேவையான நிமிட அடி ஏறத்தாழக் கிடைக்கும். 90 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்துக்கு 450, 120 நாட் வேகத்துக்கு 600. உண்மையான தேவை இதைவிடச் சற்றே அதிகம் என்பது பறக்கும்போதே தெரிந்துவிடும்.

மிஸ்டு அப்ரோச்சை முன்கூட்டியே திருப்புவது

மேலேறும் முடிவை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திரும்புவதை மட்டும் விருப்பம்போல் செய்ய முடியாது. சார்ட்டில் வேறு விதமாகச் சொல்லாத வரை, மிஸ்டு அப்ரோச் புள்ளிக்கு இரண்டு மைல் முன்பே ஏறத் தொடங்கியவர் அந்தப் புள்ளி வரை அதே பாதையில் ஏறிக்கொண்டே சென்று, அதன் பிறகே திரும்ப வேண்டும். திருப்பத்துக்கான பாதுகாப்பு அங்கிருந்துதான் கணக்கிடப்பட்டிருக்கிறது. ஏறும் சரிவும் பொதுவாக 2.5 சதவீதம் என்று கருதி வரையப்பட்டது. அதைவிட அதிகம் தேவைப்படும் இடங்களில் சார்ட்டே அதைக் குறிப்பிடும். வெப்பமான நாளில், முழு எடையோடு, ஒரு என்ஜின் நின்ற நிலையில் நம் விமானத்தால் அது முடியுமா என்பதைப் புறப்படும் முன்பே கணக்கிட வேண்டும்.

பழைய சார்ட்டோடு பறப்பது

விமானத் தகவல்கள் 28 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. சார்ட்டின் தேதியையும், கருவியிலுள்ள தரவுத்தளத்தின் தேதியையும், அன்றைய நோட்டாம் என்னும் விமானி அறிவிப்புகளையும் சேர்த்துப் பாருங்கள்.