டேட்டாபேஸ் பதிப்பை மாற்றலாமா? பனியன் கம்பெனி கணக்கோடு ஒரு செய்முறை

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். அன்றைக்குப் போய் ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியின் கணக்கைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான மை எஸ்கியூஎல்லை 5.7 பதிப்பிலிருந்து நான் 8.0 ஆக்கினேன். எரர் ஒன்றும் வரவில்லை. ஆனால் டோக்கன் நம்பர் வரிசையில் வர வேண்டிய சம்பளப் பட்டியல் கலைந்து வந்தது. "ஏனுங்க தம்பி, போன வாரம் வரைக்கும் நல்லாத்தானுங்க வந்துச்சு?" என்றார் முதலாளி. அதற்குத் திட்டியே இருக்கலாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

முதலில் இப்போது ஓடுவது எந்தப் பதிப்பு, அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வருகின்றனவா என்று பாருங்கள். 5.7-க்கு 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது. 8.0-க்குக் கெடு 2026 ஏப்ரல். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் என்றால் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருடம். கெடு முடிந்துவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும். கெடு நிறைய இருந்து, புதியதில் உங்களுக்கு வேண்டிய வசதி எதுவும் இல்லையென்றால் சும்மா விட்டுவிடுங்கள். புதுசு என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை.

மாற்றுவது என்று முடிவானால், முழு பேக்கப் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் புதிய பதிப்பைப் போட்டு அதில் ஏற்றுங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அடுத்து, எது உடைகிறது என்று அங்கேயே தேடுங்கள். என் சம்பளப் பட்டியலைக் கலைத்தது 'குரூப் பை', அதாவது ஒரே மாதிரி வரிகளை ஒன்றாகச் சேர்க்கும் கட்டளை. 5.7 அதைப் போட்டாலே தானாக வரிசைப்படுத்திக் கொடுக்கும், 8.0 கொடுக்காது, 'ஆர்டர் பை' என்று நாமே எழுத வேண்டும். 'ரேங்க்', 'குரூப்ஸ்' இரண்டும் 8.0-இல் ஒதுக்கப்பட்ட சொற்கள், அதாவது டேட்டாபேஸ் தன் கட்டளைகளுக்கென்று எடுத்துக்கொண்டவை. தையல் டீம்களுக்கு 'குரூப்ஸ்' என்று டேபிள் வைத்திருந்தால் பழைய கட்டளை அப்படியே ஓடாது. புதிதாக உருவாக்கும் யூசருக்குப் பாஸ்வேர்டு சரிபார்க்கும் முறையும் வேறு. பழைய பில்லிங் சாஃப்ட்வேர் உள்ளேயே நுழைய முடியாமல் நிற்கலாம். மை எஸ்கியூஎல் ஷெல் என்ற துணைக் கருவியில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது, ஓட்டுங்கள். ஆனால் அது பார்ப்பது டேட்டாபேஸை மட்டும்தான். உங்கள் சாஃப்ட்வேருக்குள் எழுதியிருக்கும் கட்டளைகள் அதன் கண்ணில் படாது. அதனால் போன வாரச் சம்பளப் பட்டியலைப் பழையதிலும் புதியதிலும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னும் புதிய பதிப்பான 8.4-க்குப் போக நினைத்தால், 5.7-இலிருந்து நேராகத் தாவ முடியாது. 8.0-இல் இறங்கித்தான் ஏற வேண்டும்.

திரும்பி வரும் வழியையும் யோசித்து வையுங்கள். 8.0-ஐ 5.7-ஆக இறக்க வழி கிடையாது; பழைய பேக்கப்பை ஏற்றுவது ஒன்றுதான். இடையில் போட்ட பில்லெல்லாம் போய்விடும். ஆகவே கம்பெனி லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள். மத்தியானம் 2 மணிக்குள் பில்லும் பட்டியலும் சரியாக வரவில்லையா, பழையதை ஏற்றிவிட்டு அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். தீபாவளி போனஸ் வாரத்தில் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.