ஒன்றையொன்று சுட்டும் ஆப்ஜெக்டுகளை ஜேசனாக எழுதுவது எப்படி?

ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்றில், துறைக்கான ஆப்ஜெக்டுக்குள் ஊழியர்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு ஊழியரின் ஆப்ஜெக்டும் 'துறை' என்ற புலத்தின் வழியே அதே துறையைத் திரும்பச் சுட்டுகிறது என்று கொள்வோம். நிரலுக்குள் இது வசதியான அமைப்புதான். ஆனால் ஆப்ஜெக்டை ஜேசன் (JSON) என்ற உரைவடிவத் தரவாக மாற்றும் ஸ்ட்ரிங்கிஃபை ஃபங்ஷனிடம் இதைக் கொடுத்தவுடன் டைப்எரர் என்ற பிழை எழும். கிளை பிரிந்து செல்லும் மரத்தை மட்டுமே ஜேசனில் எழுத முடியும். 'முன்பு எழுதிய அதே பொருள்தான் இது' என்று சொல்ல அதில் குறியீடு கிடையாது. உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோடின் அண்மைப் பதிப்புகளும் குரோமும் தரும் பிழைச்செய்தியில், சுழற்சி (தொடங்கிய ஆப்ஜெக்டுக்கே திரும்பி வரும் சுட்டுவரிசை) எங்கே தொடங்கி எந்தப் புலத்தில் மூடுகிறது என்பதும் இருக்கும். தீர்வைத் தேடுமுன் அதை முழுவதும் படியுங்கள்.

அடுத்து, திரும்பச் சுட்டும் அந்தப் புலம் கோப்பில் இருந்தே ஆகவேண்டுமா என்று பாருங்கள். ஊழியர் எந்தத் துறையின் பட்டியலில் இருக்கிறார் என்பதிலிருந்தே அவருடைய துறை தெரிந்துவிடும். ஆகவே ஸ்ட்ரிங்கிஃபை தானே அழைக்கும் டூஜேசன் என்ற மெத்தடை ஊழியர் கிளாஸில் எழுதி, 'துறை' நீங்கலான புலங்களை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும். கோப்பைப் படித்த பின் அப்புலத்தை ஒரு லூப்பில் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். பெரும்பாலான நிரல்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது என்பதே என் கருத்து.

பலரும் கையாளும் இன்னொரு வழியில் ஓர் ஆபத்து இருக்கிறது. பார்த்த ஆப்ஜெக்டுகளையெல்லாம் வீக்செட் என்ற தொகுப்பில் போட்டுவைத்து, மறுபடி எதிர்ப்படுவதை ரீப்ளேசர் (ஒவ்வொரு மதிப்பையும் எழுதுமுன் ஸ்ட்ரிங்கிஃபை அழைக்கும், நாம் தரும் ஃபங்ஷன்) விட்டுவிடும்படி எழுதுவார்கள். இரண்டு ஊழியர்கள் ஒரே முகவரி ஆப்ஜெக்டைப் பகிர்ந்துகொண்டால் அங்கே சுழற்சி எதுவும் இல்லை. ஆயினும் இரண்டாமவரின் முகவரி எந்தப் பிழைச்செய்தியும் இன்றிக் காணாமல் போகும். பகிர்வு வேறு, சுழற்சி வேறு. லாகில் எழுதுவதற்காகச் சுழற்சியை மட்டும் வெட்ட வேண்டுமென்றால், ரீப்ளேசரை ஆரோ ஃபங்ஷனாக அல்லாமல் சாதாரண ஃபங்ஷனாக எழுதுங்கள். அப்போது அதனுள் 'திஸ்' என்பது, கைக்கு வந்த மதிப்பைத் தாங்கியிருக்கும் ஆப்ஜெக்டைக் குறிக்கும். ஓர் அடுக்கை வைத்துக்கொண்டு, அதன் மேல்முனையில் 'திஸ்' வரும்வரை அல்லது அடுக்கு காலியாகும்வரை மேலிருந்து நீக்குங்கள்; எஞ்சியவை அம்மதிப்பின் மூதாதையர். மதிப்பு அவற்றுள் ஒன்றானால் சுழற்சி என்று குறியுங்கள். இல்லையேல், அது ஆப்ஜெக்டாக இருக்கும்பட்சத்தில், அடுக்கின் மேல் வையுங்கள்.

பகிர்வும் சுழற்சியும் அப்படியே மீண்டு வரவேண்டுமென்றால் ஆப்ஜெக்டுகளுக்கு எண் கொடுக்க வேண்டும். எந்த ஆப்ஜெக்டுக்கு எந்த எண் என்று குறித்துவைக்க ஒரு மேப்பை வைத்துக்கொண்டு, முதன்முறை எதிர்ப்படும் ஒவ்வோர் ஆப்ஜெக்டுக்கும் அர்ரேவுக்கும் 0 முதல் வரிசையாக எண் இடுங்கள். அவற்றை ஒன்றினுள் ஒன்றாக எழுதாமல் ஒரே பட்டியலில் அடுக்கி, ஒரு புலம் இன்னோர் ஆப்ஜெக்டைச் சுட்டும் இடத்தில் அதன் எண்ணை மட்டும் தாங்கிய சிறு ஆப்ஜெக்டை எழுதுங்கள். உண்மையான ஆப்ஜெக்ட் எதுவும் புலத்துக்குள் எழுதப்படாததால், அங்கே காணப்படுவது சுட்டாகத்தான் இருக்க முடியும். தரவோடு குழம்ப வழியில்லை. படிக்கும்போது முதல் சுற்றில் எல்லா எண்களுக்கும் வெற்று ஆப்ஜெக்டை அல்லது அர்ரேவை உருவாக்கி, இரண்டாம் சுற்றில் புலங்களை நிரப்புங்கள். ஒரே சுற்றில் முடிக்க முயன்றால், இன்னும் உருவாகாத ஆப்ஜெக்டைச் சுட்ட நேரிடும். டேட், மேப், செட் ஆகியவற்றுக்கும் உங்கள் சொந்த கிளாஸ்களுக்கும் வகைப் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும்.

நிரலுக்குள்ளேயே நகல் எடுப்பது மட்டும்தான் நோக்கமென்றால், நோட் 17 முதல் கிடைக்கும் ஸ்ட்ரக்சர்டுகுளோன் என்ற ஃபங்ஷன் சுழற்சியைக் காப்பாற்றித் தரும். ஆனால் புலங்களில் ஃபங்ஷன் இருந்தால் பிழை எழும், கிளாஸின் மெத்தடுகளும் நகலுக்கு வாரா. பைத்தானில் ஆப்ஜெக்டுகளைக் கோப்பில் சேமித்து மீட்கும் பிக்கிள் என்ற மாட்யூல், பகிர்வையும் சுழற்சியையும் காக்கும் வேலையைத் தானே செய்யும். நம்பகமற்ற இடத்திலிருந்து வந்த பிக்கிள் கோப்பை மட்டும் திறக்காதீர்கள்.

எந்த வழியை எடுத்தாலும், மீட்ட தரவில் முதல் ஊழியரின் 'துறை'யும் மீட்கப்பட்ட துறையும் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று மூன்று சமக்குறி கொண்டு ஒப்பிடுங்கள். பகிர்ந்த முகவரியையும் அவ்வாறே சோதியுங்கள்.