பழைய டிரெய்லர் ஃபிரிட்ஜைக் கழற்றி எறியும் முன்

எழுபதுகளின் ஏர்ஸ்ட்ரீம் மாதிரியான அமெரிக்க டிரெய்லரை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டியை, வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் பலரும் முதல் வேலையாக, கேஸ் தீயிலோ கரண்டிலோ சூடேறி ஓடும் பழைய ஃபிரிட்ஜைக் கழற்றி எறிந்துவிட்டு, பேட்டரியில் ஓடும் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒன்றை வைத்துவிடுகிறார்கள். எனக்கு இது மனசு பொறுக்காது. அடைத்திருப்பது புகைக்குழாயாக இருக்கும். பழி ஃபிரிட்ஜின் மேல் விழும்.

இந்தப் பழைய ஃபிரிட்ஜில் கம்ப்ரசரே கிடையாது. ஸ்டாக்ஹோமில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1922ல் கண்டுபிடித்த முறை. அடியில் உள்ள கொதிகலத்துக்குச் சூடு கொடுத்தால் தண்ணீரில் கரைந்த அமோனியா பிரிந்து மேலேறும், குளிர்ந்து திரவமாகும், ஹைட்ரஜனோடு கலக்கும் இடத்தில் ஆவியாகிப் பெட்டியின் சூட்டை இழுத்துக்கொள்ளும். தேய்வதற்கு அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. கரண்ட் இல்லாத காட்டில் ஒரு சிலிண்டரை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் நாள்கணக்கில் ஓடும்.

முதலில் டிரெய்லரின் வெளிப்பக்கத்தில் உள்ள கீழ் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பின்பக்கக் குழாய்களைப் பாருங்கள். மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ, அமோனியா நெடி அடித்தாலோ குளிர்விக்கும் யூனிட் ஒழுகிவிட்டது என்று அர்த்தம். அந்த மஞ்சள் பொடி, குழாய் உள்ளே துரு பிடிக்காமலிருக்கச் சேர்த்த சோடியம் குரோமேட்; விஷம், கையால் தொடாதீர்கள். வெல்டிங் வைத்து அடைக்கலாம் என்ற யோசனையே வேண்டாம், உள்ளே ஹைட்ரஜன் இருக்கிறது. புதுப்பித்த யூனிட்டை வாங்கி மாற்றுவதுதான் வழி.

கறை இல்லையா? நல்லது. ஃப்ரீசர் தட்டில் ரசமட்டத்தை வைத்து டிரெய்லரை மட்டமாக நிறுத்துங்கள். உள்ளே திரவம் தானாகவே வழிந்து இறங்க வேண்டும். சாய்ந்த நிலையில் ஓட்டினால் கொதிகலம் காய்ந்து, குரோமேட் கட்டிதட்டி வழியை நிரந்தரமாக அடைத்துவிடும். ஃபிரிட்ஜைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். சில சமயம் ஆகும்தான், ஆனால் அதை நம்பி நான் பயணம் கிளம்ப மாட்டேன்.

அப்புறம் 120 வோல்ட் கரண்டில் போட்டு, தண்ணீர் பாட்டிலையும் தெர்மாமீட்டரையும் உள்ளே வைத்து ஒரு முழு நாள் விடுங்கள். இது மெதுவாகத்தான் குளிரும், அவசரப்படாதீர்கள். 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால் யூனிட் உயிரோடு இருக்கிறது. கொதிகலம் சூடே ஆகவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரை மல்டிமீட்டரில் பாருங்கள். 300 வாட் ஹீட்டர் 48 ஓம் பக்கம் காட்ட வேண்டும். ஹீட்டர் மட்டும் போயிருந்தால் அது சின்ன வேலை.

கரண்டில் குளிர்ந்து கேஸில் குளிரவில்லை என்றால் கோளாறு பர்னரில். நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். சிலிண்டரை மூடிவிட்டு பர்னரைக் கழற்றி எடுங்கள். புகைக்குழாயின் உள்ளே, கம்பியில் ஒரு முறுக்கிய தகடு தொங்கும். சூட்டைக் குழாய்ச் சுவரோடு ஒட்டிப் போகவைப்பது அதுதான். எங்கள் டிரெய்லரில் அதை மேலிருந்து இழுத்தபோது துருச் செதில் பொலபொலவென்று கொட்டியது; கீழே பர்னர் துளைகள் மூடிக்கிடந்தன, காற்று வாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. குழாயை நீளமான பிரஷ்ஷால் தேய்த்து, தகட்டை அதே உயரத்தில் திரும்பத் தொங்கவிடுங்கள். பர்னருக்குக் கேஸ் விடும் சின்ன மூக்கான ஜெட்டின் துளைக்குள் ஊசி விடவே கூடாது. துளை கொஞ்சம் பெருத்தாலும் தீ கெட்டுவிடும். ஆல்கஹாலில் ஊறவைத்து, தானாகக் காயவிட்டால் போதும்.

திரும்பப் பூட்டியதும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீ நீலமாக, சீராக நிற்க வேண்டும். மஞ்சளாக எரிந்தால் கரி படியும், கார்பன் மோனாக்சைடு வரும். அணைத்துவிட்டு மறுபடி கழற்றுங்கள். பற்றவைக்க அழுத்திப் பிடித்த பொத்தானை விட்டதும் தீ அணைந்தால், தீயின் சூட்டை உணர்ந்து கேஸைத் திறந்து வைக்கும் தெர்மோகப்பிளைச் சந்தேகப்படலாம். கேஸ் அழுத்தத்தை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று டிரெய்லருக்குள் கட்டாயம் இருக்கட்டும்.

கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், லேசாக வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும். கூரை வென்ட்டில் குருவிக்கூடு இருந்தால் எடுத்துவிடுங்கள். சூடான காற்று மேலே போகாவிட்டால் இவ்வளவு வேலையும் வீண்.

கிளம்புவதற்கு முந்தின நாளே ஃபிரிட்ஜைப் போட்டு, ஏற்கெனவே குளிர்ந்த சாமான்களை அடுக்குங்கள். வழியில் பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன் பர்னரை அணைத்துவிடுங்கள்.