திருகோணமலையில் இரண்டு நாள் சுற்ற

பள்ளி விடுமுறை விட்டால் எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குக் குறைவில்லை. கொழும்பு, வவுனியா, சென்னை என்று எங்கிருந்து வந்தாலும் கையில் ஒரு பட்டியல் இருக்கும். இடங்களைத் தூரம் பார்த்து அடுக்கியிருப்பார்கள். அதை வாங்கி மடித்து வைத்துவிடுவேன். இந்த ஊரை நேரம் பார்த்துத்தான் சுற்ற வேண்டும்.

முதலில் மாதம். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அடங்கிக் கிடக்கும். நவம்பர் வந்துவிட்டால் மழைக்காலம். அப்போது வருபவர்கள் படகை மறந்துவிட வேண்டியதுதான்.

முதல் நாள் விடிந்ததும் நிலாவெளிக்குப் புறப்படுங்கள். நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது புறாத்தீவு. 2003 முதல் அது தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் வேண்டும். உள்நாட்டவர்கள் அடையாள அட்டையை மறக்காதீர்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. படகுக் கூலி தனி. போக, வர எவ்வளவு, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைப் பேசி முடித்துவிட்டே ஏறுங்கள். காலையில் கூட்டமும் இருக்காது, தண்ணீரும் கலங்கியிருக்காது. முழங்கால் ஆழத்திலேயே மீன்கள் காலைச் சுற்றும். செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் தெரிந்தால் அலற வேண்டாம். அவை உங்களைக் கண்டு ஓடிவிடும். பவளப்பாறையில் மட்டும் கால் வைக்காதீர்கள். அதற்கும் கேடு, பாதத்துக்கும் கேடு.

நடுப்பகலில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாக வீசும். சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

கோணேசர் கோவிலுக்கு மாலை நாலரைக்குப் போகலாம். மத்தியானம் போனால் கோவில் பூட்டியிருக்கும், வெறுங்காலில் கல்லும் சுடும். பிரெட்ரிக் கோட்டை வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் பார்க்காமலே கடந்துபோகும் ஒரு கல் அந்த வாசலில் இருக்கிறது: இரட்டை மீன் பொறிப்பும், குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கியர் குலைப்பார்கள் என்னும் தமிழ் வரிகளும். பழைய கோவிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். அங்கிருந்து நடந்தே ஏறுங்கள். வழியில் புள்ளிமான்கள் கிட்டவே வரும். பொலித்தீன் பையோடு எதையும் நீட்டாதீர்கள். பையையும் சேர்த்து விழுங்கிவிடும். மேலே இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவையும், பிள்ளை வரம் வேண்டிக் கட்டிய மரத் தொட்டில்களையும் பார்த்துவிட்டு மாலைப் பூசைக்கு உள்ளே போகலாம்.

கன்னியா வெந்நீரூற்று இரண்டாம் நாள் அதிகாலைக்கு. வெயில் ஏறிய பிறகு வெந்நீரில் குளிக்க யாருக்கு மனம் வரும்? ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. உள்ளே இறங்க முடியாது, வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும். இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு வந்தவர்கள் இருந்தால் படம் எடுக்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

கொழும்புக்குத் தரைவழியாகத் திரும்புபவர்கள் கந்தளாயில் எருமைத் தயிர் வாங்கலாம். சட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நீர் விட்டிருந்தால் வேறு சட்டி கேளுங்கள்.