விக்டோரியாவின் பழைய தங்க வயல்களில் குடும்பத்தோடு ஒரு மோட்டார்ஹோம் பயணம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1851-ஆம் ஆண்டு தங்கம் கண்டெடுக்கப்பட்ட பின்னர் முளைத்த ஊர்கள் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன. மெல்பர்னிலிருந்து பல்லாராட் ஏறத்தாழ 115 கிலோமீட்டர். அங்கிருந்து கிரெஸ்விக், காசில்மெய்ன், மால்டன், பென்டிகோ என்று ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊரை ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடலாம். இதைக் கண்டு நாளைக்கு மூன்று ஊர் என்று திட்டமிடுபவர்கள் நாளெல்லாம் வண்டியிலேயே கழித்துவிடுகிறார்கள். ஓரிடத்தில் இரண்டு இரவாவது தங்குங்கள். ஒரு வாரத்துக்கு மூன்று தங்குமிடங்கள் போதும்.

படுக்கையும் கழிவறையுமாக வீடுபோல் அமைந்த மோட்டார்ஹோம் வண்டியை வாடகைக்கு எடுக்கும்போது படுக்கைகளை எண்ணுவதற்கு முன்னால் இருக்கைகளைப் பாருங்கள். மொத்த எடை 4.5 டன்னுக்கு மேற்படாத மோட்டார்ஹோமைச் சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டலாம் என்றாலும், ஆறு பேர் படுக்கக்கூடிய வண்டியில் ஆறு பேருக்கும் இருக்கைப்பட்டி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையில்தான் அமர வேண்டும்; அதன் மேல்பட்டியை மாட்டுவதற்கான கொக்கி எந்தெந்த இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை முன்பதிவுக்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டி ஓடும்போது பின்கட்டிலில் யாரும் படுத்திருக்கக் கூடாது.

ஊருக்குள் நுழைந்ததும் கவனிக்க வேண்டியது கடைகளின் தாழ்வாரம். மால்டன் போன்ற பழைய ஊர்களில் அது நடைபாதையை முழுவதும் மூடிக்கொண்டு சாலை விளிம்புவரை நீண்டிருக்கும். மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரங்களில் சரிந்திருப்பதால், உயரமான வண்டி அந்தப் பக்கமாகச் சாயும். சக்கரம் விளிம்பைத் தொடுவதற்கு முன்பே வண்டியின் மேல்மூலை தாழ்வாரக் கூரையில் இடித்துவிடும். ஆகவே கடைத்தெருவைத் தவிர்த்து, ஒரு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

பயணத்தைப் பல்லாராட்டில் தொடங்குவது நல்லது. 1970-இல் திறக்கப்பட்ட சாவரின் ஹில் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு முழு நாளையும் ஒதுக்குங்கள். சற்று வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் யுரேகா நினைவு மையத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தோண்டும் உரிமத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த சுரங்கத் தொழிலாளர்கள், பீட்டர் லாலரின் தலைமையில் தடுப்பரண் எழுப்பி, 1854 டிசம்பர் 3 அன்று படைவீரர்களை எதிர்கொண்டு வீழ்ந்த வரலாற்றை அங்கே சொல்கிறார்கள்.

அடுத்த தங்குமிடமாக, கிரெஸ்விக் அருகே காட்டுக்குள் இருக்கும் ஸ்லேட்டி கிரீக்கை நான் பரிந்துரைப்பேன். பிள்ளைகள் தங்கள் கையால் பொன் அரித்துப் பார்க்கலாம். முதலில் விக்டோரியா அரசின் சுரங்க உரிமச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அது பத்தாண்டுகள் செல்லும். கைக்கருவிகளால் தேடிக் கண்டெடுத்த தங்கம் உங்களுடையதே. தேசியப் பூங்காக்கள் பெரும்பாலானவற்றில் இதற்கு அனுமதி இல்லை. தனியார் நிலத்தில் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். தோண்டிய குழியை மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பொன் அரிப்பது நம் வீடுகளில் அரிக்கன்சட்டியில் அரிசி அரிப்பதைப் போன்றதுதான். ஓடை வளையும் இடத்தின் உட்பக்கத்திலும், பாறை இடுக்குகளிலும் படிந்த மண்ணை எடுத்துத் தட்டில் பாதி நிரப்பி, நீருக்குள் வைத்துக் கட்டிகளைக் கையால் கரையுங்கள். பிறகு பக்கவாட்டில் நன்றாகக் குலுக்குங்கள். தங்கம் நீரைவிட 19 மடங்கு எடை கொண்டது. சாதாரண மணலோ இரண்டரை மடங்குதான். எனவே தங்கம் அடியில் இறங்கிவிடும். தட்டை முன்புறமாகச் சாய்த்து, மேல்மணலைச் சிறிது சிறிதாக நீரோடு போகவிட்டு, மறுபடி குலுக்குங்கள். கடைசியில் ஒரு கரண்டி அளவு கருமணல் எஞ்சும். அதன் ஓரத்தில் ஊசிமுனை அளவில் மஞ்சளாக ஏதாவது தெரிந்தால் உங்கள் கையால் அதை நிழலிடுங்கள். தங்கம்போல் மின்னும் அபிரகம் என்ற கனிமம் நிழலில் மங்கிவிடும். தங்கம் நிழலிலும் அதே மஞ்சளாகத் தெரியும்.

இந்தக் காடுகளில் பிள்ளைகளை ஒருபோதும் பாதையை விட்டு ஓடவிடாதீர்கள். வேலி இல்லாத பழைய சுரங்கக் குழிகள் புதர்களுக்கிடையே ஏராளமாக மறைந்திருக்கின்றன. குழியின் விளிம்பு உறுதியாகத் தோன்றினாலும் உள்ளே சரிந்துவிடக்கூடும். சாம்பல் நிறத்தில் குவிந்துகிடக்கும் சுரங்கக் கழிவு மணலில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கக்கூடும் என்பதால், அதன்மேல் விளையாட விடாமல், மண்ணைத் தொட்ட கைகளைச் சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கழுவ வையுங்கள்.

காசில்மெய்னில் பென்னிவெயிட் ஃபிளாட் என்ற சிறு குன்றின்மேல், 1850-களில் இறந்த குழந்தைகளின் கல்லறைகள் இருக்கின்றன. பல கல்லறைகளில் பெயர்கூட இல்லை, வெறும் கற்குவியல்தான். தங்கம் தேடி வந்த குடும்பங்கள் கொடுத்த விலையைச் சொல்ல அந்த இடத்தைவிட வேறொன்றும் வேண்டாம். அமைதியாகப் பத்து நிமிடம் நின்று வாருங்கள். அடுத்து, மால்டனுக்கும் காசில்மெய்னுக்கும் இடையே ஓடும் நீராவி ரயில் எந்த நாள்களில் ஓடுகிறது என்று முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பென்டிகோவில் சென்ட்ரல் டெபோரா சுரங்கத்துக்குள் 61 மீட்டர் ஆழம்வரை கூண்டில் இறக்கி அழைத்துச் செல்கிறார்கள். மூடிய காலணி அவசியம்.

மார்ச் முதல் மே வரையிலான மாதங்கள் இந்தப் பயணத்துக்கு மிகவும் ஏற்றவை. கோடையில் செல்வதானால் தீ அபாய அறிவிப்பைத் தினமும் காலையில் பாருங்கள். முழுத் தீத்தடை நாளில் வெளியே விறகு மூட்டக் கூடாது, அபாயம் உச்சத்தில் இருக்கும் நாளில் காட்டில் தங்கவே கூடாது. காட்டு முகாம்களில் குடிநீரை நம்ப முடியாது என்பதால் தொட்டியை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வண்டியின் கழிவறைத் தொட்டி ஏறத்தாழ 20 லிட்டர்தான் கொள்ளும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு அது இரண்டு மூன்று நாள்களில் நிரம்பிவிடும். ஆகவே காட்டில் இரண்டு இரவு தங்கினால் அடுத்த இரவை மின்இணைப்புள்ள கேரவன் பூங்காவில் கழித்து, அங்குள்ள கழிவு கொட்டுமிடத்தில் தொட்டியைக் காலிசெய்து கழுவிவிட்டுப் புறப்படுங்கள்.