பிங்க் ஃபிளாய்டில் உங்களுக்கான ஆல்பம் எது? கண்டுபிடிக்க ஒரு வழி

ஆங்கில ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் ஸ்டூடியோ ஆல்பங்கள் மொத்தம் 15. 1967-இல் தொடங்கி வரிசையாகக் கேட்க உட்கார்ந்தால் பாதியில் சலித்துவிடும். முதல் சுற்றுக்கு நாலு போதும்: மெடில் (1971), த டார்க் சைட் ஆஃப் த மூன் (1973), விஷ் யூ வேர் ஹியர் (1975), அனிமல்ஸ் (1977). த வால் (1979) இரட்டை ஆல்பம், 80 நிமிடம் தாண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தொகுப்பு ஆல்பம் வேண்டவே வேண்டாம். மெடிலில் 23 நிமிடத்துக்கு மேல் ஓடும் எக்கோஸ், 2001-இல் வந்த தொகுப்பில் 16 நிமிடச் சொச்சமாக வெட்டுப்பட்டிருக்கிறது.

படி 1: பிளேயரைச் சரிசெய்யுங்கள்

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். டார்க் சைடில் பெரும்பாலான பாட்டுகள் நிற்காமல் அடுத்த பாட்டுக்குள் போகும். ஷஃபிளை அணையுங்கள். கிராஸ்ஃபேடை 0 ஆக்குங்கள். இல்லையென்றால் ஒரு பாட்டின் வால் அடுத்ததன் தலைமேல் ஏறிவிடும். கேப்லெஸ் (இடைவெளியில்லாமல் ஓட்டுவது) என்று அமைப்பு இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

சோதிக்க, அதே ஆல்பத்தின் பிரெய்ன் டேமேஜ் பாட்டைக் கடைசி அரை நிமிடத்திலிருந்து ஓடவிடுங்கள். அடுத்த பாட்டான எக்ளிப்ஸ் தொடங்கும்போது இம்மியளவும் விக்கல் இருக்கக் கூடாது.

அப்படியும் விக்கினால் கோப்பைப் பாருங்கள். எம்பி3 ஆக மாற்றும்போது ஒவ்வொரு பாட்டின் முன்னும் பின்னும் ஒரு துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும். எல்லா பிளேயரும் அதைக் கழித்துவிட்டு ஓட்டுவதில்லை. ஃப்ளாக் (ஒலித் தரம் குறையாமல் சுருக்கும் வகை) கோப்பில் இந்தத் தொல்லையே கிடையாது. ஃப்ளாக்கே என் சிபாரிசு.

படி 2: சத்தத்தை வையுங்கள்

டார்க் சைட் இதயத்துடிப்போடு, கேட்டும் கேட்காத அளவில் ஆரம்பிக்கும். அதை நம்பி சத்தத்தைக் கூட்டினால் ஒரே நிமிடத்தில் வரும் அலறல் காதைக் கிழிக்கும். பிரீத் பாட்டை வைத்து அளவைப் பாருங்கள், பிறகு முதலிலிருந்து போடுங்கள்.

விஷ் யூ வேர் ஹியர் பாட்டின் தொடக்கத்தில் கிடார் சன்னமாக, பழைய ரேடியோவில் வருவதுபோல் கேட்கும். ஹெட்போன் பழுதில்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்தது. இரண்டாவது கிடார் சேரும்போது ஒலி விரியும்.

படி 3: கேளுங்கள்

ஒரு நாளைக்கு ஒரு ஆல்பம், முழுதாக. டீலக்ஸ் பதிப்பென்றால் டார்க் சைட் பத்தாவது பாட்டோடு முடிகிறது, அதற்குப் பின் வருவது இலவச இணைப்பு. நிறுத்திவிடுங்கள்.

படி 4: பிடித்த பாட்டை நீக்கிப் பாருங்கள்

பிடித்த பாட்டு இருப்பதாலேயே அது பிடித்த ஆல்பம் ஆகிவிடாது. ஒவ்வொன்றிலும் உங்களுக்கு மிகப் பிடித்ததை விட்டுவிட்டு மிச்சத்தைக் கேளுங்கள். விஷ் யூ வேர் ஹியரில் தலைப்புப் பாட்டை எடுத்தால், மீதியில் பெரும்பகுதி ஷைன் ஆன் என்ற பாட்டுதான்: ஆல்பத்தின் முன்னும் பின்னுமாக இரண்டாகப் பிரிந்து 26 நிமிடம். அது ஒட்டவில்லை என்றால் உங்களுக்குப் பிடித்தது ஒரு பாட்டு, அவ்வளவே. மெடிலிலிருந்து எக்கோஸை எடுத்தால் ஆல்பமே ஆட்டம் காணும்.

என் ஓட்டு அனிமல்ஸுக்கு. 17 நிமிட டாக்ஸை எடுத்தாலும் பிக்ஸும் ஷீப்பும் தாங்கி நிற்கும். இதில் 1977 கலவை (பதிவான கருவிகளின் ஒலியைச் சேர்த்த விதம்) ஒன்று, 2022-இல் வெளியான மறுகலவை ஒன்று. இரண்டாவதில் டிரம்ஸும் பேஸும் தெளிவு. ஆனால் ஒப்பிடும்போது மற்ற மூன்றும் பழைய கலவையில் இருப்பதால், இதையும் 1977-இலேயே கேளுங்கள்.