பெயர்கள் ஏன் பழசாகின்றன? நாம் தப்பாகப் புரிந்துகொள்ளும் சில இடங்கள்

வாக்காளர் பட்டியலில் ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வாக்காளர் பெயர், அதன் கீழே தந்தை அல்லது கணவர் பெயர், வயது. சுரேஷ், வயது 48, தந்தை முனுசாமி. அடுத்த கட்டத்தில் ஹரிணி, வயது 21, தந்தை சுரேஷ். மூன்று தலைமுறை இரண்டே கட்டத்தில் அடங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் 1880 முதல் பிறந்த குழந்தைகளுக்கு எந்தப் பெயர் எத்தனை பேருக்கு வைத்தார்கள் என்று அரசே ஆண்டுவாரியாகப் பட்டியல் தருகிறது. நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. அதனால் நம் தெரு, நம் சொந்தக்காரர்கள், இதை வைத்தே நாட்டுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

அதில் முதல் தீர்ப்பு, ‘எல்லாம் சினிமாவால் வந்தது’ என்பது. சினிமாவுக்குப் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ரமேஷ், சுரேஷ், கணேஷ், தினேஷ், மகேஷ் என்று ஒரு படையே வந்ததே, அதற்கு எந்த நடிகரைக் காட்டுவது? ஒரு ஒலி காதுக்குப் பிடித்துப்போனால், அதே ஒலியில் முடியும் இன்னொரு பெயர் புதுசாகவும் இருக்கும், பழகியதாகவும் இருக்கும். அண்ணன் ரமேஷ் என்றால் தம்பி சுரேஷ். அந்த ஒலி தெருவுக்குத் தெரு கேட்டுப் புளித்ததும், அந்த ரமேஷ்களே தங்கள் பிள்ளைகளுக்குத் தர்ஷன், தர்ஷினி என்று தேடிப் போனார்கள்.

அடுத்த தவறு, பழைய பெயரைப் பார்த்துச் சிரிப்பது. குப்பம்மாள், குப்புசாமி, பிச்சை. ‘இப்படியுமா பெயர் வைப்பார்கள்?’ என்று கேட்பவர்களுக்கு அந்த வீட்டில் அதற்குமுன் என்ன நடந்தது என்று தெரியாது. பெற்ற பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போன வீட்டில் அடுத்து ஒன்று பிறந்தால், அதைக் குப்பையில் கிடத்தி எடுப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, படித் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவதும் உண்டு. இது ஒன்றுக்கும் ஆகாத பிள்ளை, குப்பையில் கிடந்தது என்று எமனை நம்பவைக்கும் ஏற்பாடு. பெயரும் அதற்கேற்ற பெயர். தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் வந்து பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கியதும் எமனை ஏமாற்ற வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. ரசனை மாறியதால் மட்டும் போன பெயர் இல்லை அது. போதும்பொண்ணு வேறு கதை. அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்ற வேண்டுதலை ஒரு பெண் ஆயுசு முழுக்கச் சுமக்க வேண்டியிருந்தது. அந்தப் பெயர் ஒழிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

‘நாகரிக மோகத்தில் குலசாமி பெயரை விட்டுவிட்டார்கள்’ என்பதும் பாதி உண்மைதான். சுடலைமுத்து, இசக்கியம்மாள் என்று சொன்னால் திருநெல்வேலிப் பக்கம் என்பது தெரிந்துவிடும். தெரிந்தவர்கள் அதற்குமேலும் கணக்குப் போடுவார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டம் கழன்றது, சரி. ஆனால் பெயரே சாதியைக் காட்டினால் என்ன செய்வது? படித்து நகரத்துக்கு வந்தவர்கள் பிள்ளைக்கு ஊரும் சாதியும் சொல்லாத பெயரை வைத்தார்கள். அதை மோகம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கொள்கைக்காகப் பெயரை மாற்றியவர்கள் வேறு வரிசை. வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அவர்கள் பேச்சைக் கேட்டவர்கள் வீட்டில் தமிழ்ச்செல்விகளும் அறிவழகன்களும் பிறந்தார்கள். சோவியத் தலைவர் ஸ்டாலின் 1953 மார்ச் 5 அன்று இறந்தார். அதே மாதம் 1ஆம் தேதி பிறந்த தன் மகனுக்குக் கருணாநிதி வைத்தது அந்தப் பெயரைத்தான்.

அப்புறம், ‘தாத்தா பாட்டி பெயரெல்லாம் தானாகச் சுற்றித் திரும்பிவிடும்’ என்ற நம்பிக்கை. ஒரு காலத்தில் அது நடந்தது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதால் பிள்ளைக்கு வீட்டில் கூப்பிட இன்னொரு பெயர் இருக்கும். இன்று திரும்பி வருவது ஆதிரை, வானதி, செழியன் போன்ற பெயர்கள். இவை பாட்டியிடமிருந்து வந்தவை அல்ல, புத்தகத்திலிருந்து வந்தவை. முனியம்மாள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள்.

கடைசியாக, பெற்றோர் செய்யும் தவறு: ‘யாரும் வைக்காத பெயர்’ கிடைத்துவிட்டது என்று நினைப்பது. அசுவினி நட்சத்திரம் என்றால் சு, சே, சோ, லா. இந்த எழுத்தில் தொடங்க வேண்டும், எண் கணிதக் கூட்டுத்தொகையும் சரியாக வர வேண்டும், கூப்பிடச் சின்னதாக இருக்க வேண்டும். இதே சல்லடையைத்தான் பக்கத்துத் தெருக்காரரும் வைத்திருக்கிறார். பள்ளியில் சேர்க்கும்போது தெரியும், ஒரே வகுப்பில் அதே பெயரில் மூன்று பேர், இனிஷியல்தான் வேறு. அவசரப்படவும் தேவையில்லை. பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிந்தாலும் ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழியுண்டு. அதுவரை வீட்டில் எப்படியும் பாப்பாதான். பெயர் வைத்த பிறகும் ஆச்சிக்கு அது வாயில் நுழையாவிட்டால் பாப்பாதான்.